டிம் சம்: நெஞ்சா, வயிறா?

தேநீரோடு சாப்பிடும் சீனப் பலகாரங்களுக்கு டிம் சம் என்று பெயர். அது தென்சீன மொழியான கான்டனீஸின் உச்சரிப்பு. சீனப் பொதுமொழியான மாண்டரினில் தியன்சின். முதல் சீன எழுத்துக்குப் புள்ளி, லேசாகத் தொடுதல் என்று பொருள், இரண்டாவது, நெஞ்சு. இரண்டையும் சேர்த்து ‘இதயத்தைத் தொடுவது’ என்று பலரும் எழுதுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு ஒப்பவில்லை. சீன மருத்துவத்தில் மருந்தை ‘வெற்று நெஞ்சில்’ குடி என்றால் வெறும் வயிற்றில் குடி என்றே அர்த்தம். வயிற்றுப் புளிப்பை நாம் நெஞ்செரிச்சல் என்கிறோமே, அதுபோல. தாங் வம்சக் காலத்தில் (618–907) இது வினைச்சொல்: பசிக்குக் கொஞ்சம் வாயில் போட்டுக்கொள்வது. பலகாரத்துக்குப் பெயரானது அப்புறம்தான்.

ஹாங்காங்கில் இதற்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ‘யம் சா’ போகலாம் என்பார்கள். தேநீர் குடிப்பது என்று பொருள். அந்தச் ‘சா’தான் சாய், சாயா. தேயிலையில் உள்ள ‘தே’ அதே எழுத்தின் ஹொக்கியன் (இன்னொரு தென்சீன மொழி) உச்சரிப்பிலிருந்து வந்தது. பெரிய உணவகத்தில் உட்கார்ந்ததும் முதலில் வருவதும் தேநீர்தான். கூஜா காலியானால் கூப்பிட வேண்டாம், மூடியைச் சற்றுத் திறந்து சாய்த்து வைத்தால் வெந்நீர் வந்துவிடும். யாராவது ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டுவது நன்றி.

பிறகு ஆவியில் வெந்த பலகாரங்களோடு மூங்கில் கூடைகள். ஹார் காவ் என்பதை இறால் கொழுக்கட்டை என்று தயங்காமல் சொல்லலாம். மாவு மட்டும் அரிசியல்ல, கோதுமையிலிருந்து எடுத்த ஸ்டார்ச். வெந்தபின் கண்ணாடிபோல் ஆகி உள்ளே இறாலின் இளஞ்சிவப்பு தெரியும். கோழிப் பாதத்துக்கு அங்கே ‘பீனிக்ஸ் நகம்’ என்று பெயர். பொரித்து, ஊறவைத்து, ஆவியில் வேகவைப்பார்கள். பெயரில் இருக்கும் கம்பீரம் தட்டில் இருக்காது.

சரி, டிம் சம்மைத் தமிழில் என்ன சொல்வது? சிற்றுண்டி தவறில்லை, ஆனால் அதில் அளவு மட்டுமே இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் காலை உணவைப் பசியாறல் என்பார்கள். “பசியாறியாச்சா?” என்பது அங்கே அன்றாடக் கேள்வி. டிம் சம்முக்குப் பேர்போன ஈப்போ நகரமும் அந்த நாட்டில்தான். வினையாகப் பிறந்த சொல்லுக்கு வினையிலிருந்து வந்த சொல்லே பொருத்தம் என்பது என் கட்சி.

டிம் சம் தரும் அதே பெரிய உணவகத்தில் இரவில் தொட்டியில் நீந்தும் மீனைக் காட்டி, எடைபோட்டு, ‘அன்றைய விலை’க்கு இஞ்சி போட்டு வேகவைத்துத் தருவார்களே, அதற்குப் பசியாறல் ஒத்துவராது. அது விருந்து.