கம்ப்யூட்டரில் ஓடும் கல்யாண டிவிடி, பிளேயரில் ஏன் ஓடுவதில்லை?

செட்டிநாட்டில் பல வீடுகளில் பெட்டகத்தைத் திறந்தால், வெள்ளிச் சாமான்களுக்குப் பக்கத்தில் ஒரு டிவிடி உறை கிடக்கும். திருப்பூட்டு, சாந்தி, பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் அதற்குள்தான். சிலது காரைக்குடி ஸ்டூடியோவில் ரைட் பண்ணியது, சிலது அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பியது. கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது. பட்டாலையில் உள்ள டிவிடி பிளேயரில் போட்டால் ‘நோ டிஸ்க்’ என்கிறது. பேரனின் பிளேஸ்டேஷன் சுற்றிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடுகிறது. “கடையில் வாங்கின படம் ஓடுதே, இது மட்டும் ஏன் ஓடலை?” என்று ஆச்சி கேட்பது நியாயமான கேள்வி.

கடை டிஸ்க்கும் வீட்டில் எழுதியதும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் செய்யப்பட்ட விதமே வேறு. கடை டிஸ்க் அச்சில் வார்த்தது. முதலில் கண்ணாடித் தட்டில் பள்ளங்களைப் பதித்து, அதன்மேல் மின்சாரத்தால் நிக்கலைப் படியவைத்து அச்சு எடுக்கிறார்கள். (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி இருக்கும் காரைக்குடிக்காரர்களுக்கு மின்முலாம் புதிதல்ல.) அந்த அச்சில் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை வார்த்தால், 0.4 மைக்ரான் நீளம் வரை சிறிய பள்ளங்கள் பிளாஸ்டிக்கிலேயே விழுகின்றன. நாம் வாங்கும் காலி டிவிடி-ஆர் டிஸ்க்கில் பள்ளம் கிடையாது, ஒரு சாயப்பூச்சுதான் உண்டு. எழுதும்போது லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு, அங்கங்கே ஒளி திரும்பாத புள்ளிகளை உண்டாக்குகிறது. படிக்கும் பிளேயருக்கு இவை பள்ளம் மாதிரியே தெரிய வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் எல்லாப் பிளேயருக்கும் ஒரே அளவு தெரிவதில்லை.

காரணம், எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்பது. ஒரே அடுக்குள்ள கடை டிவிடி, தன்மேல் விழும் சிவப்பு லேசர் ஒளியில் 45 முதல் 85 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். நல்ல டிவிடி-ஆரும் இந்த எல்லைக்குள்தான் வரும். அழித்து எழுதும் டிவிடி-ஆர்டபிள்யூ 18 முதல் 30 சதவீதம்தான் அனுப்பும். முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய வளவுச் சுவரில் விளக்கு பளிச்சென்று தெரிவதற்கும், வெறும் சுண்ணாம்புச் சுவரில் மங்கித் தெரிவதற்கும் உள்ள வித்தியாசம் அது. இதில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இரண்டு அடுக்குள்ள கடை டிவிடியும் இதே 18–30 சதவீதம்தான் அனுப்பும். அதனால் பழைய பிளேயர் ஆர்டபிள்யூவை இரட்டை அடுக்கு என்று நினைத்து, இல்லாத இரண்டாவது அடுக்கைத் தேடிக்கொண்டே இருக்கும். கல்யாண வீடியோவை ஆர்டபிள்யூவில் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

டிவிடி+ஆர் என்ற இன்னொரு வகையும் உண்டு. டிஸ்க்கின் உள்விளிம்பில், ‘நான் இந்த வகை’ என்று சொல்லும் சின்னக் குறிப்பு ஒன்று இருக்கும். 1990-களில் வந்த பிளேயர்களுக்கு +ஆர் என்றால் என்னவென்றே தெரியாது, அது பிறகு வந்தது. நல்லவேளையாக, சில ரைட்டர்களில் +ஆர் டிஸ்க்கின் குறிப்பை ‘டிவிடி-ரோம்’ (ROM), அதாவது கடை டிஸ்க், என்று மாற்றி எழுத முடியும். மாற்றினால் பல முரட்டுப் பிளேயர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கின்றன. டிவிடி-ஆரில் இப்படி மாற்ற வழியில்லை.

சரி, ஒளி திரும்பிவிட்டது. அடுத்து, ஃபைல்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று பிளேயர் பார்க்கும். அதிகமான டிஸ்க்குகள் இங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. வீடியோ ஃபைலை அப்படியே இழுத்துப் போட்டு எழுதினால் அது டேட்டா டிஸ்க். கம்ப்யூட்டருக்கு அது போதும். பிளேயர் தேடுவது ‘வீடியோ_டிஎஸ்’ என்ற ஃபோல்டரை. அதற்குள் படமும் ஒலியும் கலந்த விஓபி ஃபைல்கள் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாமல் இருக்கும். எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஐஎஃப்ஓ ஃபைலும், அதன் நகலான பியுபி ஃபைலும் கூடவே இருக்கும். நகலை டிஸ்க்கில் சற்றுத் தள்ளி எழுதுவார்கள், ஒரே கீறலில் இரண்டும் போய்விடக் கூடாது என்று. இந்த அமைப்பை உண்டாக்குவதற்குத்தான் டிவிடி ஆத்தரிங் மென்பொருள். எழுதி முடித்ததும் ‘ஃபைனலைஸ்’ செய்ய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் டிஸ்க்கின் தொடக்கமும் முடிவும் முறையாக எழுதப்படாமல் நிற்கும், பிளேயர் அதைக் காலி டிஸ்க் என்றே எடுத்துக்கொள்ளும். கேம்கார்டரில் நேரடியாகப் பதிவான 8 செ.மீ. குட்டி டிவிடி ஓடவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். முடிந்தால் பதிவு செய்த அதே கேமராவில் போட்டு ஃபைனலைஸ் செய்யுங்கள்.

மூன்றாவது, உள்ளே இருக்கும் வீடியோ. கம்ப்யூட்டரில் புது மென்பொருள் போட்டால் புது வகை வீடியோ ஓடும். பிளேயரில் இருப்பதோ, இந்த வகைக்கென்றே செய்த ஒரு சிப். அதற்குத் தெரிந்தது எம்பெக்-2 என்ற வீடியோ வகை. நம் ஊர் டிவி முறையான பால் (PAL) முறையில் 720-க்கு 576 புள்ளிகள், வினாடிக்கு 25 படங்கள். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். படம், ஒலி எல்லாம் சேர்ந்து வினாடிக்கு 10.08 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. பிளேயர் சாதாரண வேகத்தில் டிஸ்க்கிலிருந்து எடுப்பதே சுமார் 11 மெகாபிட்தான். கீறலோ கைரேகையோ பட்ட இடத்தை மறுபடி படிக்க அதில் நேரம் இருக்காது. அதனால் 6, 7 மெகாபிட்டோடு நிறுத்துவது நல்லது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4.7 ஜிபி டிஸ்க்கில் 2 மணி நேரம் என்றால் வினாடிக்கு சுமார் 5.2 மெகாபிட் கிடைக்கும். 3 மணி நேரம் என்றால் 3.5-தான். அப்போது கண்டாங்கிச் சேலையின் கட்டம் அலையடிக்கும், ஹோமப் புகை சதுரம் சதுரமாக உடையும். மாப்பிள்ளை அழைப்பிலிருந்து விருந்து வரை எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் அடைக்கச் சொல்லி ஸ்டூடியோக்காரரை நெருக்காதீர்கள். இரண்டாகப் பிரித்தால் இரண்டுமே தெளிவாக இருக்கும்.

அமெரிக்காவிலிருந்து வரும் டிஸ்க் என்றால், எந்தப் பகுதி நாடுகளில் ஓடலாம் என்று பூட்டுப் போடும் ரீஜன் கோடைத்தான் பலர் குறை சொல்கிறார்கள். வீட்டில் எழுதிய டிஸ்க்கில் பெரும்பாலும் ரீஜன் பூட்டே இருக்காது. அங்கே டிவி முறை என்டிஎஸ்சி, 720-க்கு 480, வினாடிக்கு 29.97 படங்கள். இங்கே விற்கும் பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் காட்டிவிடும். எதிர்த்திசையில்தான் தொல்லை. நாம் அனுப்பும் பால் டிஸ்க்கை அங்குள்ள பல பிளேயர்களும் கன்சோல்களும் காட்டாது. கடல் கடந்து போகும் டிஸ்க் என்றால் என்டிஎஸ்சியில் ஒரு பிரதி தனியாகப் போடச் சொல்லுங்கள்.

கன்சோல்கள் ஒவ்வொன்றும் ஒரு விதம். 2000-இல் வந்த பிளேஸ்டேஷன் 2 முறையாக எழுதிய டிவிடியை ஓட்டும், விசிடியை ஓட்டாது. முதல் எக்ஸ்பாக்ஸுக்கு டிவிடி பார்க்க ரிமோட் கிட் தனியாக வாங்க வேண்டும். நின்டெண்டோ வீயில் டிவிடி படம் ஓடவே ஓடாது. பிளேஸ்டேஷன் 3 தாராளமானது, சாதாரண டிவிடி-ஆரில் எழுதிய ஏவிசிஎச்டி ஹெச்டி வீடியோவைக்கூட ஏற்கும். பிளேஸ்டேஷன் 4-இலும் 5-இலும் சிடி ஓடாது, ஆகவே பழைய கல்யாண விசிடியும் ஓடாது.

தொடக்கம் நன்றாக ஓடிக் கடைசியில் திக்குகிறதா? டிவிடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. வெளிவிளிம்பில்தான் எழுத்தின் தரம் குறையும், விரலும் படும், வளைவும் அதிகம் தெரியும். டிஸ்க்கை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். 16 எக்ஸ் வேக டிஸ்க் என்றால் 8 எக்ஸ் வேகத்தில் எழுதுங்கள். மணமக்கள் படம் போட்ட காகித ஸ்டிக்கரை மேலே ஒட்டாதீர்கள். நிமிடத்துக்கு 600 முதல் 1400 சுற்று சுழலும் தட்டில் சின்னக் கோணல்கூட ஆட்டம் கொடுக்கும்.

நம் பக்கத்து வெயிலில் சாயம் தாங்குவதைப் பற்றித்தான் எனக்குப் பெரிய கவலை. வெளிச்சமும் சூடும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கச் செய்யும். முகப்பு ஷோகேஸைவிட இருட்டான பெட்டகமே மேல். டிவிடியில் சாயம் இரண்டு 0.6 மி.மீ. தட்டுகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. எழுதிய விசிடியில் அது மேல்பக்க அரக்குப் பூச்சுக்கு நேர் கீழே இருப்பதால், பெயர் எழுதும் பக்கம் கீறினாலே போச்சு. ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள். டிவிடியாக இருந்தால் எம்பி4 ஆக்காமல், முழு டிஸ்க்கையும் ஐஎஸ்ஓ ஃபைலாக அப்படியே எடுங்கள். ஒரு டிரைவ் பாதியில் நின்றால் வேறொரு டிரைவில் முயலுங்கள். ஒன்று படிக்காத இடத்தை இன்னொன்று படித்துவிடுவது உண்டு.