கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு எத்தனை அடி?

இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்ததும் வீட்டார் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எப்போ நடப்பாங்க?" பிசியோவாக நான் திருப்பிக் கேட்பது, "உங்க வீட்ல கட்டில்லேர்ந்து கழிப்பறைக்கு எத்தனை அடி?" பெரும்பாலும் பதில் வராது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

திருச்சிப் பக்கம் ஒரு பாட்டி, வயது 78. ஈரமான கொல்லைப்படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. இடுப்பு மூட்டுக்குள் பந்துபோல் பொருந்தும் எலும்பு முனையை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள். டிஸ்சார்ஜுக்கு முதல் நாள் மூத்த மகன் சொன்னார்: "மாடியில ஏசி ரூம் இருக்கு, அம்மாவுக்கு அதான் வசதி." மாடிக்குப் பதினெட்டுப் படி. மேலே இருப்பதோ குத்தவைக்கும் கழிப்பறை. இளைய மகனை டேப்போடு வீட்டுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. வாக்கரின் அகலம் 24 அங்குலம், கீழ்க் கழிப்பறைக் கதவு 22. வாக்கர் உள்ளேயே நுழையாது. நல்லவேளை, இது முதல் நாளே தெரிந்தது. பாட்டியை அழைத்துப் போனபிறகு ராத்திரி இரண்டு மணிக்குத் தெரிந்திருந்தால்?

கட்டில் ஹாலுக்கு வந்தது. கமோடு நாற்காலி வாடகைக்கு எடுத்தோம். வருகிறவர் போகிறவர் முன்னால் எப்படி என்று பாட்டி கூசினார். மருமகள் பழைய சேலையைக் கயிற்றில் போட்டு மறைப்பு கட்டினார். கட்டில் தாழ்வாக இருந்ததால் கால்களுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து உயர்த்தினோம். உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிய வேண்டும், முழங்கால் இடுப்பைவிட உயரக்கூடாது, அதுதான் அளவு.

டிஸ்சார்ஜுக்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. உள்ளே வைத்தது எலும்பை இணைக்கும் ராடா, உலோகப் பந்தா? அந்தக் காலில் எவ்வளவு பாரம் போடலாம்? எந்த அசைவு கூடாது? முறிவு எங்கே என்பதைப் பொறுத்து சிகிச்சை மாறுகிறது. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குச் சொன்னது உங்கள் அம்மாவுக்குப் பொருந்தாது. பந்து வைத்தவர்களுக்கு, அதுவும் பின்பக்கமாகத் திறந்து செய்திருந்தால், மூட்டு நழுவும் அபாயம் உண்டு. இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக்கூடாது. ஆறு வாரமா, மூன்று மாதமா என்பதை அறுவை செய்தவர் சொல்வார். நம் வீடுகளில் இதன் அர்த்தம் என்ன? தரையில் உட்கார்ந்து சாப்பாடு இல்லை. மணை, முக்காலி, ஈசி சேர், அமுங்கும் சோபா எதுவும் வேண்டாம். கீழே விழுந்த மூக்குக் கண்ணாடியைக் குனிந்து எடுப்பதும் கூடாது. மூக்குக் கண்ணாடி சின்ன விஷயம்தான், ஆனால் யாரையும் கூப்பிடாமல் சட்டென்று குனிந்துவிடுகிறார்கள்.

பார்க்க வரும் உறவினர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, "பாவம், படுத்திருக்கட்டும். எலும்பு கூட வேண்டாமா?" எனக்கு இதைக் கேட்டாலே பதறும். பெரும்பாலோரை மறுநாளே எழுப்பி நிற்க வைக்கிறோம். அதற்காகத்தானே ஆபரேஷனே! வயதானவர் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், முதுகின் அடியிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வரும், தசை கரையும். எழ முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிலை மாற்றிப் படுக்க வையுங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது. கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உள்ளே ரத்தக்கட்டி இருக்கலாம், உருவினால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அப்படி வீக்கம் இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால் யோசிக்காமல் 108. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஊசியோ மாத்திரையோ, "நல்லாத்தானே இருக்காங்க" என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

மூன்றாம் நாள் ராத்திரி அந்தப் பாட்டி எழுந்து உட்கார்ந்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று கேட்டாராம். அந்த வீட்டில் மாடு போய் இருபது வருஷம். மகள் அழுதுவிட்டார். மந்திரிக்கலாமா என்று ஒரு பேச்சு, மூளை குழம்பிவிட்டது என்று ஒரு பேச்சு. ஆபரேஷனுக்குப் பிறகு முதியவர்களுக்கு இப்படித் தற்காலிகக் குழப்பம் வருவது சகஜம். ஆனால் சகஜம்தானே என்று விட்டுவிடக்கூடாது. சோடியம் குறைவு, சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சரியாக அடங்காத வலி, ஏதாவது ஒரு மாத்திரை, இப்படிக் காரணம் இருக்கும். இவருக்கு சோடியம் குறைந்திருந்தது. சரிசெய்ததும் மாடு மறைந்தது. கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் மாட்டிவிடுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

தண்ணீர் விஷயத்தில் பெரியவர்கள் நம்மை ஏமாற்றுவார்கள். அடிக்கடி எழுப்பித் தொந்தரவு தரக்கூடாதே என்று குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். சாப்பாட்டில் நாமே அவர்களை ஏமாற்றுகிறோம். தையல் சீழ் பிடிக்கும் என்று முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ரசம் சோறு. தையல் ஆறவும் தசை தேறவும் புரதம் வேண்டும். ஆட்டுக்கால் சூப் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதை வைத்து முட்டையை நிறுத்தாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், யார் பார்த்துக்கொள்வது? "எல்லாரும் இருக்கோம்" என்பார்கள். ராத்திரி யார், ஊசி யார், குளிக்க வைப்பது யார் என்று பெயர் சொல்லிப் பிரிக்காவிட்டால் எல்லாம் ஒரு மருமகள் தலையில் விழும். பத்தாம் நாள் அவர் முதுகுவலியோடு என் முன்னால் நிற்பார். நோயாளியை அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். அவர் கட்டில் விளிம்புக்கு நகர்ந்து, கையை ஊன்றித் தானே எழ வேண்டும்; நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரைமணி முன்பு கொடுத்தால் ஒத்துழைப்பார். தனியாக பிசியோ வைக்க வசதி இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள்.

பலரும் கேட்க மறப்பது ஒன்று உண்டு. நின்ற இடத்தில் விழுந்ததற்கே இடுப்பெலும்பு முறிகிறது என்றால் எலும்பு ஏற்கெனவே வலுவிழந்திருக்கிறது. ஒரு பக்கத்தைச் சரிசெய்து அனுப்பிவிட்டோம், மறுபக்கமும் அதே எலும்புதானே? கால்சியம், வைட்டமின் டி மட்டும் போதுமா, எலும்பை வலுப்படுத்தும் தனி மருந்து வேண்டுமா என்று முதல் ரிவ்யூவிலேயே கேளுங்கள். கால் வழியைத் தடுக்கும் மிதியடி, ஒயர், தரையைக் கூட்டும் நைட்டி எல்லாவற்றுக்கும் அன்றே விடைகொடுங்கள்.

பாட்டி ஆறாவது வாரம் வாக்கரோடு வாசல்வரை வந்தார். இரண்டு கையும் வாக்கரில் இருப்பதால் வெற்றிலைப் பெட்டியை எடுத்துப் போக முடியவில்லை என்பது மட்டும்தான் குறை. வாக்கரின் முன்கம்பியில் ஒரு மஞ்சப்பையைக் கட்டிவிட்டேன். அடுத்த வாரம் போனபோது அதில் வெற்றிலை, செல்போன், டார்ச் லைட், பேரனுக்குத் தெரியாமல் நாலு கடலை மிட்டாய்.