கலர் படம் இருக்கட்டும், பாத் எங்கே போட்டீர்கள்?

சரிபார்க்கச் சொல்லி என்னிடம் வரும் எஃப்இஏ ரிப்போர்ட்டுகளில் (பொருளை மெஷ் என்னும் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, உள்ளே வரும் ஸ்ட்ரெஸ்ஸை, அதாவது தகைவை, கணினியில் கணக்கிடும் முறை) கலர் படத்துக்குப் பஞ்சமே இருக்காது. அடுத்த பக்கத்தில் ஒரு கிராஃப், அதன் அடியில் "பாத் வழியாக ஸ்ட்ரெஸ்" என்று ஒரே ஒரு வரி. பாத் என்பது மதிப்புகளை எடுக்க மாடலின் மேல் நாம் போடும் கோடு. எங்கிருந்து எங்கே, எத்தனை புள்ளி, எந்த அச்சில்? ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த கிராஃபை வைத்துத்தான் தகடு தாங்குமா தாங்காதா என்று முடிவெடுக்கிறார்கள்.

துளை போட்ட தகட்டையே எடுத்துக்கொள்வோம், இதற்கு 1898இலேயே ஜெர்மன் பொறியாளர் கிர்ஷ் சூத்திரம் கொடுத்துவிட்டார். 10 மி.மீ. ஆரமுள்ள துளை, அகலமான தகடு, 100 மெகாபாஸ்கல் இழுவிசை. இழுவிசைக்குச் செங்குத்தான பக்கத்தில், துளை ஓரத்தில் 300 வரும், 1 மி.மீ. தள்ளினால் 244, 5 மி.மீ. தள்ளி 152, 10 மி.மீ. தள்ளி 122. இப்போது ஓரத்திலிருந்து 200 மி.மீ. நீளத்துக்கு பாத் போடுங்கள். அன்சிஸ் மென்பொருளின் கட்டளை மொழியான ஏபிடிஎல்லில் நீங்கள் எதுவும் சொல்லாமல் விட்டால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 20 பிரிவுதான், அதாவது 10 மி.மீ.க்கு ஒரு மதிப்பு. கிராஃப் 300இலிருந்து 122க்கு நேர்கோடாக இறங்கும், 5 மி.மீ.யில் 152 இருக்க வேண்டிய இடத்தில் 211 காட்டும். மெஷ்ஷை எவ்வளவு நுணுக்கினாலும் இது மாறாது. அப்புறம் இதற்கு நேர் எதிர்க் கூத்தும் உண்டு: மெஷ் பெரிது பெரிதாகக் கிடக்கும், புள்ளியை மட்டும் 200 ஆக்கிவிடுவார்கள், கோடு வழவழவென்று வரும், உள்ளே புதிதாக ஒரு தகவலும் இருக்காது.

குழாயில் நடப்பது இன்னும் வேடிக்கை. உள்ளே சீரான அழுத்தம், சுற்றி வட்டமாக பாத், ஆனால் எடுப்பது குளோபல் எக்ஸ் திசை ஸ்ட்ரெஸ். 0 டிகிரியில் அது ரேடியல் (ஆரத் திசை), 90 டிகிரியில் ஹூப் (சுற்றுத் திசை), நடுவில் இரண்டும் கலந்தது, ஆகவே கிராஃப் அலை அலையாக வரும். அந்த அலைக்கு "சீரற்ற லோடு" என்று அரைப் பக்கம் விளக்கம் எழுதியதையும் படித்திருக்கிறேன்! சிலிண்டர் அச்சுக்கு மாற்றினால் கோடு படுத்துவிடும்.

நோடு (மெஷ் துண்டுகள் சந்திக்கும் புள்ளி) எண்களை வைத்து பாத் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மெஷ்ஷை மாற்றியதும் அதே எண்கள் வேறு இடத்துக்குப் போயிருக்கும், மென்பொருள் வாயே திறக்காமல் ஒரு கிராஃபைக் கொடுத்துவிடும். மெஷ் மாறும் என்று தெரிந்தால் ஆயத்தொலைவுகளைக் கொடுத்துப் போடுவதே நல்லது.

வெல்டில் பாத் டோவிலிருந்து (வெல்டு தகட்டோடு சேரும் விளிம்பு) செங்குத்தாக வெளியே போக வேண்டும், சரி, ஆனால் டோவில் கிடைக்கும் எண்ணைத் தொடாதீர்கள், மெஷ்ஷை நுணுக்க நுணுக்க அது ஏறிக்கொண்டே போகும். ஐஐடபிள்யூ (சர்வதேச வெல்டிங் நிறுவனம்) முறைப்படி 10 மி.மீ. தகட்டில் டோவிலிருந்து 4 மி.மீ.யிலும் 10 மி.மீ.யிலும் ஸ்ட்ரெஸ் எடுத்து, முதலாவதை 1.67ஆலும் இரண்டாவதை 0.67ஆலும் பெருக்கி, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் ஹாட் ஸ்பாட் ஸ்ட்ரெஸ் (டோவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய மதிப்பு) வரும். அந்த இரண்டு இடங்களில் நோடு இருக்கும்படி முதலிலேயே மெஷ் போடாவிட்டால் பிறகு பாத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரஷர் வெசல் (அழுத்தக் கலன்) செய்கிறவர்களுக்கு ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிநூலின் எட்டாம் பிரிவு இருக்கிறது. அங்கே கோடு சுவரின் தடிமனுக்குக் குறுக்கே நேராகப் போக வேண்டும், சாய்ந்தால் மெம்ப்ரேனும் (தடிமன் முழுக்கச் சராசரி ஸ்ட்ரெஸ்) பெண்டிங்கும் (வளைவால் வரும் ஸ்ட்ரெஸ்) தப்பாகப் பிரியும்.

தொடக்கம், முடிவு, புள்ளி எண்ணிக்கை, அச்சு இவற்றை கிராஃபுக்குக் கீழே எழுதி, பாத்தை மெஷ்மேல் வரைந்த படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாத ரிப்போர்ட்டை நான் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறேன், கோபித்துக்கொள்கிறவர்களும் உண்டு.