சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச்: விட்டுப்பிடிக்கும் சொடுக்கி

"கரண்ட் போயிடுச்சு, சேஞ்சோவரைத் தள்ளு" என்ற குரலை ஜெனரேட்டர் வைத்திருக்கும் மண்டபங்களில் கேட்டிருப்பீர்கள். ஒரு பக்கம் ஈபி லைன், இன்னொரு பக்கம் ஜெனரேட்டர், நடுவில் எதோடும் சேராத ஓர் இடம். அந்த நடு இடத்தைத் தாண்டாமல் கைப்பிடி மறுபக்கம் போகாது. இதே சொல்லைப் பாட்டுக் கேட்கிறவர்களும் புழங்குகிறார்கள். வீட்டில் பழைய ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்று, டிவிக்கென்று வாங்கிய ஏவி ரிசீவர் ஒன்று, அதற்குள்ளும் இருப்பது ஓர் ஆம்ப்தான், ஆனால் நல்ல ஸ்பீக்கர் ஒரே ஜோடிதான். இன்னொரு ஜோடி வைக்க இடமும் இல்லை, காசும் இல்லை. அப்போது அந்த ஜோடியை ஒரு நேரத்தில் ஓர் ஆம்போடு மட்டும் சேர்க்க நடுவில் வைக்கிற பெட்டிதான் ஸ்பீக்கர் சேஞ்ச்ஓவர்.

இதை "ஸ்பீக்கர் செலக்டர்" என்று கேட்டு வாங்கினால் சிக்கல். செலக்டர் என்று விற்கும் பெட்டிகளில் பல, ஒரே ஆம்பிலிருந்து இரண்டு மூன்று ஜோடி ஸ்பீக்கருக்குப் பிரித்துக் கொடுப்பவை. அவற்றில் ஏ, பி என்ற இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அமுக்கலாம், அது தப்பே இல்லை, அதற்காகச் செய்ததுதான். என் நண்பர் ஒருவர் அந்தப் பெட்டியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர் போகிற இடத்தில் இரண்டு ஆம்புகளையும் சொருகிவிட்டார். சில நாள் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் வீட்டுக்கு வந்த பையன் இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினான், "டப்" என்று ஒரு சத்தம், பின்னாலேயே கருகல் வாசம். பழைய ஆம்பின் ஒரு சேனலில் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் இரண்டும் போய்விட்டன.

ஏன் போனது? ஆம்பின் வெளியீட்டுக்கு உள்ளே இருக்கும் தடை மிகக் குறைவு, நல்ல டிரான்சிஸ்டர் ஆம்பில் 0.1 ஓமுக்கும் கீழே. ஸ்பீக்கரோ 8 ஓம். இரண்டு ஆம்பையும் ஒரே கம்பியில் சேர்த்தால் முதல் ஆம்புக்கு எதிரே ஸ்பீக்கர் தெரியாது, இன்னொரு ஆம்பின் அந்தத் துளித் தடைதான் தெரியும். கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். "ஒன்று ஆஃபில்தானே இருக்கிறது" என்று பலர் சொல்கிறார்கள். ஆஃபில் இருந்தாலும் அதன் டிரான்சிஸ்டர்களும் டயோடுகளும் அதே கம்பியில்தான் இருக்கின்றன, சிக்னல் பின்பக்கமாக உள்ளே நுழையும். சில ஆம்புகளில் ஆஃப் செய்ததும் ஸ்பீக்கர் கம்பியைத் தானாகத் துண்டிக்கிற ரிலே என்ற ஸ்விட்ச் உண்டு, ஆனால் அதை மட்டும் நம்பிக் கம்பிகளைச் சேர்த்து முறுக்கி வைத்தால் என்றாவது ஒருநாள் யாராவது இரண்டையும் ஆன் செய்வார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். சேஞ்ச் என்பது லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது, பண்டமாற்று என்ற பொருளில் தொடங்கியது, அதில் பெரிய விசேஷம் இல்லை. ஸ்விட்ச்தான் சுவையானது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் தலைகாட்டும்போது அதற்கு அர்த்தம், குதிரை ஓட்டுகிறவர் கையில் வைத்திருக்கும் மெல்லிய பிரம்பு. தண்டவாளம் மாற்றும் கருவிக்கு அந்தப் பெயர் பிறகு வந்தது, மின்சாரத்துக்கு அதற்கும் பிறகு.

இப்போது நம் பக்கம் பாருங்கள். ஸ்விட்சுக்குத் தமிழில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று சொடுக்கி. நாம் எதைச் சொடுக்குகிறோம்? சாட்டையை. விரலையும் சொடுக்குகிறோம். அங்கே பிரம்பிலிருந்து வந்த பொருளுக்கு இங்கே சாட்டைக்குரிய வினையிலிருந்து ஒரு பெயர். யாரும் திட்டமிட்டுச் செய்த பொருத்தமாக இது எனக்குத் தோன்றவில்லை, அதனாலேயே அந்தச் சொல்மேல் எனக்குத் தனிப் பிரியம். நிலைமாற்றி, மின்விசை என்றும் எழுதுகிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் ஆளி, ஆள்வது என்பதிலிருந்து வந்த அழகான சின்னச் சொல். மாடிப்படி விளக்குக்குப் போடுகிற டூ வே ஸ்விட்ச் அங்கே இருவழி ஆளி.

ஆனால் சேஞ்ச்ஓவருக்கு "மாற்றுச் சொடுக்கி" என்றோ "இருவழி ஆளி" என்றோ எழுதினால் பாதிதான் வருகிறது. மாற்றுவது தெரிகிறது, எப்படி மாற்றுவது என்பது தெரியவில்லை. இந்தக் கருவியின் உயிரே அதில்தான் இருக்கிறது: பழையதை முழுசாக விட்ட பிறகே புதியதைத் தொட வேண்டும். இதற்குத் தமிழில் கைவசம் ஒரு சொல் இருக்கிறது, விட்டுப்பிடிப்பது. பட்டத்து நூலையும் பிடிவாதக் குழந்தையையும் விட்டுப்பிடிக்கிற நாம் ஆம்பையும் விட்டுப்பிடிக்கலாம். ஆகவே என் பரிந்துரை, விட்டுப்பிடி சொடுக்கி. புதியதைத் தொட்ட பிறகு பழையதை விடுகிற எதிர்வகைக்குப் பிடித்துவிடு சொடுக்கி.

அந்த எதிர்வகை வெறும் கற்பனை இல்லை. குமிழைத் திருப்பி மாற்றும் ரோட்டரி ஸ்விட்சுகள் இரண்டு விதமாகவும் வருகின்றன, வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சென்னை ரிச்சி தெரு மாதிரி இடத்தில் உதிரியாக வாங்குகிறீர்கள் என்றால் மல்டிமீட்டரை, இரு முனைகளுக்கும் இணைப்பு இருந்தால் சத்தம் போடும் பஸ்ஸர் நிலையில் வையுங்கள். முதல் ஆம்புக்கான காலில் ஒரு முனை, இரண்டாம் ஆம்புக்கான காலில் இன்னொரு முனை. குமிழை மிக மெதுவாக, மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். நடுவில் எங்கேயாவது "பீப்" என்று ஒரு நொடி கேட்டாலும் அது பிடித்துவிடு வகை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், எத்தனை கம்பி? கடையில் "ஃபோர் போல் டபுள் த்ரோ" என்று கேட்க வேண்டும். போல் என்பதைத் துருவம் என்று மொழிபெயர்த்தால் ஒன்றுமே புரியாது, நாற்கம்பி இருபக்கச் சொடுக்கி என்றால் உடனே புரியும்: இடது ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ், வலது ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ், நான்கும் ஒன்றாக மாற வேண்டும். மைனஸ் எல்லாம் பொதுதானே, பிளஸை மட்டும் மாற்றினால் போதும் என்று இரண்டு கம்பியோடு நிறுத்துகிறவர்கள் உண்டு. பிரிட்ஜ் முறை ஆம்பில், பெரும்பாலான கார் ஸ்டீரியோக்கள் அந்த வகைதான், மைனஸ் கம்பியிலும் சிக்னல் ஓடுகிறது. அதை இன்னொரு ஆம்பின் கிரவுண்டோடு சேர்த்தால் மறுபடி ஷார்ட்.

கரண்ட் தாங்கும் அளவையும் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் 100 வாட் என்றால் ஏறக்குறைய 3.5 ஆம்பியர், உச்சத்தில் 5. ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் உச்சம் 7ஐத் தொடும். பொடி டாக்கிள் ஸ்விட்ச் வேண்டாம், 10 ஆம்பியர் வாங்குங்கள், நடுவில் ஆஃப் இருப்பது கிடைத்தால் இன்னும் நல்லது. மாற்றும்போது இரண்டு ஆம்பிலும் வால்யூமைக் குறைத்துவிடுங்கள்.

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களில் ஓடும் வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. டிரான்சிஸ்டர் ஆம்பை விட்டுவிட்டால் அது பாட்டுக்குச் சும்மா இருக்கும். வால்வு ஆம்ப் அப்படியில்லை, ஸ்பீக்கர் இல்லாமல் சிக்னல் ஓடினால் அதன் அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜ் எகிறி உள்ளே எரிந்துபோகலாம். விட்ட பக்கத்தில் ஒவ்வொரு சேனலுக்கும் ஆம்பின் வாட்டைத் தாங்குகிற 8 ஓம் ரெசிஸ்டர் ஒன்று வந்து சேரும்படி வயரிங் செய்யுங்கள், அது முடியாதென்றால் வால்வு ஆம்பை ஆஃப் செய்துவிட்டு அப்புறம் கைப்பிடியைத் தொடுங்கள்.