பாரிஸில் எரியாத நெருப்பு: ஒரே விழா ஏன் ஆளுக்கொரு விதமாகத் தெரிந்தது?

2024 ஜூலை 26. பாரிஸில் மாலை 7.30 மணி, நமக்கு இரவு 11. ஒலிம்பிக் தொடக்க விழாவைப் பார்க்க எங்கள் வீட்டில் அப்பா, அக்கா, நான் என்று மூன்று பேர் தூக்கத்தைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்திருந்தோம். செய்ன் நதியில் படகுகள் வர ஆரம்பித்தன, கூடவே மழையும். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. "என்னம்மா இது, மைதானத்துல அணிவகுப்பு நடந்தாத்தானே ஒலிம்பிக்கு?" என்றார் அப்பா. அக்காவோ நாற்காலி நுனிக்கே வந்துவிட்டாள். "ஊரையே மேடையாக்கிட்டாங்கப்பா, பாருங்க!" எனக்கு இருவர் சொன்னதும் சரி என்றே பட்டது.

மறுநாள் உலகம் முழுக்க இதே வாக்குவாதம்தான். ஒரு பக்கம் கொண்டாட்டம், இன்னொரு பக்கம் கொதிப்பு. ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அது விளக்கம் ஆகாது. ஒரே திரையிலிருந்து ஒரே ஒளிதான் எங்கள் மூவரின் கண்ணுக்கும் வந்தது. அது எந்த இடத்தில் மூன்றாகப் பிரிந்தது? இதைப் புரிந்துகொள்ள விழாவின் கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்குவது எளிது.

துய்லரி தோட்டத்தில் ஜூடோ வீரர் டெடி ரினேரும் ஓட்ட வீராங்கனை மரி-ஜோசே பெரெக்கும் ஒலிம்பிக் கொப்பரையை ஏற்றினார்கள். 7 மீட்டர் விட்டமுள்ள வளையம் ஒன்று தழல் வீச, பெரிய பலூன் ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு வானில் எழும்பியது. 1783இல் மோங்கோல்ஃபியே சகோதரர்கள் பலூன் பறக்கவிட்ட நாடு அல்லவா, அந்த நினைவில் செய்தது. எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் மயிர்க்கூச்செறிந்த இடம் அதுதான்.

அந்த வளையத்தில் நெருப்பே கிடையாது. இருந்தவை 200 நீர்த்தூவிகளும் 40 எல்இடி விளக்குகளும்தான். உயர் அழுத்தத்தில் பீய்ச்சும்போது தண்ணீர் மிக நுண்ணிய துளிகளாக உடைந்து பனிமூட்டம் போல நிற்கிறது. விளக்கின் மஞ்சள் ஒளி அந்தத் துளிகளில் பட்டு எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. காற்றில் துளிகள் சுருண்டு சுருண்டு மேலே நகர, ஒளியும் தழலைப் போலவே நெளிகிறது. அவ்வளவுதான். ஒரு சொட்டு எரிபொருள் எரியவில்லை. ஆனாலும் பார்த்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் நெருப்பைத்தான் பார்த்தார்கள்.

இதைக் கண் ஏமாந்தது என்று சொல்வது சரியில்லை. பார்வை வேலை செய்யும் விதமே அதுதான். 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதைச் சொல்லிவிட்டார்: பார்ப்பது என்பது நமக்கே தெரியாமல் மூளை போடும் ஓர் ஊகம். விழித்திரையில் விழுவது வெறும் ஒளிப் புள்ளிகள். அவை என்ன பொருளிலிருந்து வந்தன என்பதை, இதுவரை சேர்த்து வைத்த அனுபவத்தைக் கொண்டு மூளை நிரப்பிக்கொள்கிறது. இரவு, மஞ்சள் நிறம், நெளியும் அசைவு, கையில் தீப்பந்தம், கூடவே 'ஒலிம்பிக் என்றால் சுடர்' என்று சிறு வயதிலிருந்தே நமக்குள் பதிந்த எண்ணம். இத்தனையும் ஒரே பக்கம் கை காட்டும்போது மூளை வேறு எதை ஊகிக்கும்?

கொப்பரை விஷயத்தில் உலகமே ஒத்துப்போனது, ஏனென்றால் எல்லோரிடமும் இருந்த முன்னறிவு ஒன்றுதான். முன்னறிவு ஆளுக்கு ஆள் வேறாக இருக்கும் இடத்தில்தான் பிரச்சினை தொடங்குகிறது. அதே விழாவில் அதே மூளைகள் அப்படியோர் இடத்திலும் போய் நின்றன.

நதியின் குறுக்கே ஒரு நடைபாலம். அதன் மேல் நீண்ட மேடை. மேடைக்குப் பின்னால் வரிசையாக ஆட்கள், நடுவில் ஒளிவட்டம் போல வெள்ளித் தலையணி அணிந்த ஒரு பெண். கொஞ்ச நேரத்தில் பெரிய தட்டின் மூடி உயர்கிறது. உள்ளே உடல் முழுக்க நீல வண்ணம் பூசிய ஒருவர் பழங்களுக்கு நடுவே சாய்ந்து படுத்துப் பாடுகிறார். விழாவை இயக்கிய தோமா ஜோலி இதைப் பிறகு விளக்கினார். அந்த நீல மனிதர் டயோனைசஸ், கிரேக்கர்களின் மதுவுக்கும் விருந்துக்கும் உரிய கடவுள்; செய்ன் நதியின் தேவதையான செக்வானாவுக்குத் தந்தை. பிரான்ஸின் டிஜோன் நகர அருங்காட்சியகம் ஒன்றில் தெய்வங்களின் விருந்தைக் காட்டும் 17ஆம் நூற்றாண்டு ஓவியம் இருக்கிறது. அதைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் காட்சி உடனே பொருந்திவிட்டது. தேவாலயத்திலோ வீட்டுச் சுவரிலோ இயேசு சீடர்களோடு கடைசியாக உண்டதைக் காட்டும் லியோனார்டோ டா வின்சியின் இறுதி இராவுணவு ஓவியத்தைப் பார்த்து வளர்ந்த கோடிக்கணக்கானவர்களுக்கோ நீண்ட மேசையும் வரிசையும் நடுவில் ஒளிவட்டமும் வேறொன்றாகத் தெரிந்தன. தங்கள் நம்பிக்கையைக் கேலி செய்கிறார்கள் என்று அவர்கள் மனம் புண்பட்டது. பிரான்ஸ் கத்தோலிக்க ஆயர்கள் விட்ட அறிக்கையைப் படித்தேன். விழாவில் அழகும் மகிழ்ச்சியும் நிறைந்த தருணங்கள் இருந்தன என்று பாராட்டிவிட்டு, அடுத்த வாக்கியத்தில் கிறிஸ்தவத்தை இழிவுபடுத்திய காட்சிகளுக்காக ஆழமாக வருந்துகிறது அது. கலவையான எதிர்வினை என்பது ஒரே மனதுக்குள்ளும் நடக்கும் என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இரண்டு ஓவியங்களில் எதுவும் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. பளபளப்பான உடை போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் மழையில் ஆடுவதைத்தான் நாங்கள் பார்த்தோம்.

இரவு நதியின் மேல் உலோகக் குதிரையில் வந்த உருவத்துக்கும் இதே கதிதான். செக்வானா என்று சிலருக்கு, ஜோன் ஆஃப் ஆர்க் என்று சிலருக்கு, விவிலியத்தின் வெளிப்பாட்டு நூலில் மரணம் ஏறி வரும் வெளிறிய குதிரை என்று வேறு சிலருக்கு. பிரெஞ்சுப் புரட்சியில் தலை வெட்டப்பட்ட ராணி மாரி அந்துவானெத் சிறைவைக்கப்பட்டிருந்த கோன்சியெர்ஜெரி கட்டடத்தின் சன்னல்களில் தலையில்லாத ராணிகள் நின்று பாடியதைப் பள்ளியில் புரட்சி வரலாறு படித்த பிரெஞ்சுக்காரர் ஒரு விதமாகப் பார்த்திருப்பார். அந்தக் கதை தெரியாத குழந்தையோடு சோபாவில் உட்கார்ந்திருந்த ஒரு தாய்க்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும்!

இந்த வேறுபாட்டை ஆய்வாளர்கள் அளந்தே காட்டியிருக்கிறார்கள். 1951இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் முரட்டுத்தனமாக மோதிய ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடந்தது. ஒருவருக்கு மூக்கு உடைந்தது, எதிரணியில் ஒருவருக்குக் கால். ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃபும் ஹேட்லி கான்ட்ரிலும் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு பக்க மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த மீறல்கள் என்று பிரின்ஸ்டன் மாணவர்கள் சராசரியாக 9.8 எண்ணினார்கள். டார்ட்மத் மாணவர்கள் எண்ணியது 4.3. ஓடியது ஒரே படச்சுருள்தான்! யாரும் பொய் சொல்லவில்லை. எண்ணியவர்கள் தாங்கள் பார்த்ததைத்தான் எண்ணினார்கள்.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அதே பிரின்ஸ்டனில் யூரி ஹாசன் குழுவினர் இதை மூளைக்குள்ளேயே தேடினார்கள். ஒரே கதையை இரண்டு குழுக்களுக்கு ஒலிக்கவிட்டார்கள். அதற்கு முன் ஒரு குழுவிடம் மனைவி துரோகம் செய்கிறாள் என்றும், மற்றதிடம் கணவன்தான் சந்தேகப் பிராணி என்றும் ஒரு வரி சொல்லிவைத்தார்கள். 2017இல் முடிவுகள் வெளிவந்தன. பொருளைப் புரிந்துகொள்ளும் உயர்நிலைப் பகுதிகளில், ஒரே மாதிரி புரிந்துகொண்டவர்களின் மூளைச் செயல்பாடு ஒத்துப்போனது. மற்றக் குழுவோடு ஒத்துப்போகவில்லை. இரு குழுக்களும் கதையைப் புரிந்துகொண்டதில் எந்த இடத்தில் இடைவெளி பெரிதாக இருந்ததோ, அந்த இடத்தில் மூளைகளுக்கு நடுவிலும் இடைவெளி பெரிதாக இருந்தது. முன்கூட்டிச் சொன்ன ஒரு வரிக்கே இந்த வலு என்றால், வாழ்நாள் முழுக்கச் சேர்ந்த நம்பிக்கைக்கு எவ்வளவு இருக்கும்?

சரி, அப்பாவின் குறைக்கு வருவோம். கோடைக்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழா மைதானத்துக்கு வெளியே நடந்தது இதுவே முதல் முறை. ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நதி, 85 படகுகள், அவற்றில் 6,800 பேர் வரை விளையாட்டு வீரர்கள். முந்தைய விழாக்களில் கலை நிகழ்ச்சி தனியாகவும் அணிவகுப்பு தனியாகவும் வரும். இங்கே இரண்டும் மாறி மாறி வந்தன. நீண்டநேர நிகழ்வை மூளை துண்டு துண்டாக வெட்டித்தான் புரிந்துகொள்கிறது. அடுத்த துண்டு என்ன என்ற எதிர்பார்ப்பு பலிக்கும்போது இலகுவாக ஓடும், பொய்க்கும்போது புதிதாக யோசிக்க வேண்டியிருக்கும். பத்துப் பதினைந்து ஒலிம்பிக் பார்த்த அப்பாவுக்கு நிமிடத்துக்கு நிமிடம் கணிப்பு தவறியது, களைத்துப்போனார். அக்காவிடம் அப்படி ஒரு அச்சு இல்லை. அவளுக்கு ஒவ்வொரு தவறலும் புதுமையாக இனித்தது.

நதிக்கரையில் இருந்தவர்களின் கதை வேறு. 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே நனைந்தபடி நின்றார்கள். தன் முன்னால் இருந்த நதித்துண்டை மட்டுமே அவர்களால் நேரில் பார்க்க முடிந்தது; மீதியெல்லாம் பெரிய திரையில்தான். நமக்கோ எல்லாம் கிடைத்தது, அருகாமை உட்பட. பியானோ கலைஞர் அலெக்சாந்தர் கான்தொரோவ், பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் தண்ணீரை நினைத்து எழுதிய இசையை மழையிலேயே வாசித்தார். பியானோவின் கறுப்புப் பலகை மேல் துளிகள் முத்து முத்தாக நிற்க, அவர் விரல்கள் நனைந்த கட்டைகளில் ஓடின. அந்தக் காட்சியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. கரையில் நடுங்கிக்கொண்டு நின்றவர் அதை அப்படிப் பார்த்திருக்க முடியாது. ஆனால் தோளோடு தோள் உரசி நிற்கும் சூடு எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தச் சூட்டைப் பற்றியும் ஓர் ஆய்வு இருக்கிறது. ஸ்பெயினில் சான் பெட்ரோ மன்ரிக்கே என்ற சிற்றூரில் ஆண்டுதோறும் தீ மிதிக்கிறார்கள். நம் திரௌபதி அம்மன் கோயில் தீமிதியைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சூழல் புரியும். அங்கே மிதிப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத்துடிப்பு அளக்கும் கருவிகளைக் கட்டிவிட்டார்கள். மிதிப்பவரின் துடிப்பு ஏறி இறங்கிய விதத்திலேயே, அசையாமல் நின்று பார்த்த அவருடைய உறவினர்கள், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியது. வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் அந்த ஒத்திசைவு இல்லை. 2011இல் இது வெளிவந்தது. 'நம்ம ஆள்' என்ற உறவு ஒன்று இல்லாமல் சடங்கு உடம்புக்குள் இறங்குவதில்லை. பி.வி. சிந்துவும் சென்னையின் சரத் கமலும் கொடியோடு தெரிந்தபோது, அதுவரை குறைப்பட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்து நின்றுவிட்டார். வேறு நாட்டுப் படகு வந்தபோது தண்ணீர் குடிக்கப் போனவர்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. தென்கொரிய அணியின் படகு வந்தபோது அறிவிப்பில் வடகொரியாவின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். சர்வதேச ஒலிம்பிக் குழு மன்னிப்புக் கேட்டது. நமக்கு அது செய்தியில் ஒரு வரி. தென்கொரியத் தலைநகர் சியோலில் உட்கார்ந்து தன் நாட்டின் படகுக்காகக் காத்திருந்தவருக்கு விழாவின் உச்சமே அந்தக் காயம்தான்.

உச்சம் என்ற சொல்லைக் காரணத்தோடுதான் சொல்கிறேன். உளவியலாளர் டேனியல் கானமன் குழுவினர் 1993இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஆட்களின் கையை 14 டிகிரி குளிர்நீரில் 60 விநாடி வைக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடி, அதோடு நீரை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றியபடி மேலும் 30 விநாடி. எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் நீளமான இரண்டாவதைச் சொன்னார்கள், அதில் வலி அதிகம் என்றாலும்! நினைவு நேரத்தைக் கூட்டிப் பார்ப்பதில்லை. உச்சத்தையும் முடிவையும்தான் பெரிதாகப் பிடித்துக்கொள்கிறது. பாரிஸ் விழாவின் முடிவு அபாரமானது. கொப்பரை எழுந்தது, அபூர்வ நரம்பு நோயோடு போராடி மேடையை விட்டே விலகியிருந்த பாடகி செலின் டியோன் ஈஃபில் கோபுரத்திலிருந்து பாடினார். ஆனால் நமக்கு அது நடந்தது அதிகாலை 3 மணியை ஒட்டி. ஒரு மணிக்கே தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் படுத்தவர்களுக்கு விழாவின் முடிவு மழையும் படகும்தான். காலையில் அவர்கள் "சுமார்" என்று சொன்னதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அப்புறம், காலையில் நம் கைபேசிக்கு எந்தக் கருத்து வந்து சேர்கிறது என்பது தனிக் கணக்கு. 2017இல் நியூயார்க் ஆய்வாளர்கள் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ட்வீட்டுகளை அலசினார்கள். அறம் சார்ந்த உணர்ச்சிச் சொல் ஒவ்வொன்று கூடும்போதும் பதிவு பகிரப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 20 சதவீதம் கூடியது. 'நன்றாக இருந்தது' என்ற வரி மெதுவாக நடக்க, 'கேவலம்', 'புனிதம்' போன்ற சொற்கள் ஓடிவிடுகின்றன. பிரான்ஸில் விழாவை அடுத்து எடுத்த கருத்துக்கணிப்பில் 86 சதவீதம் பேர் விழா வெற்றி என்றார்கள். வெளியிலிருந்து சண்டையை மட்டும் படித்தவர்கள் இதை நம்பச் சிரமப்படுவார்கள். அதற்காக, புண்பட்டவர்களின் வலியைச் சமூக ஊடகம் கிளப்பிவிட்டது என்று தள்ளிவிடவும் கூடாது. அவர்கள் கண்ட காட்சி அவர்களுக்கு உண்மை.

ஜூலை 28 அன்று ஏற்பாட்டாளர்கள் யாரையும் அவமதிக்கும் நோக்கம் இல்லை என்றும், மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம் என்றும் சொன்னார்கள். ஜோலியும் டயோனைசஸைப் பற்றி விளக்கினார். இறுதி இராவுணவைப் பார்த்தவர்களில் பலர் அதற்குப் பிறகும் மனம் மாறவில்லை. அவர்கள் பிடிவாதம் என்று முதலில் நினைத்தேன்.

அந்த வாரமே ஒரு நாள் அப்பாவிடம் கொப்பரையின் ரகசியத்தைச் சொன்னேன். நம்பவில்லை. நீர்த்தூவி, விளக்கு, பனிமூட்டம் என்று எல்லாம் விளக்கி, கைபேசியில் காணொளியைப் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையை மூக்கருகே வைத்துக்கொண்டு இரண்டு முறை பார்த்தார்.

"நீ சொல்றது புரியுதும்மா. ஆனா இப்பப் பாத்தாலும் நெருப்பாத்தான் தெரியுது."

எனக்கும்தான்.