ஏற்காட்டின் செம்மண்ணும் ஊசியிலைக் காட்டின் சாம்பல் மண்ணும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில், மலையை வெட்டி வழி அமைத்த இடங்களில் மண்ணின் குறுக்குவெட்டு கண்முன் நிற்கும். மேலே இலைமக்கு கலந்த கருஞ்செம்மண் சிறிதளவு. அதன் கீழ் ஆழமாக இறங்கும் செம்மண். அதற்கும் கீழே, விரலால் நசுக்கினால் பொடியாகும் அளவுக்கு இற்றுப்போன, சார்னோக்கைட் என்னும் கருங்கல் வகைப் பாறை. ஓர் அடுக்கு எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துச் சொல்ல முடியாதபடி ஒரு நிறம் இன்னொன்றுக்குள் கலந்திருக்கும்.

பின்லாந்திலோ வட ரஷ்யாவிலோ ஒரு பைன் காட்டுக்குள் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினால் காண்பது முற்றிலும் வேறு. முதலில் பாதி மக்கிய ஊசியிலைகள் கம்பளம்போல் பின்னிக் கிடக்கும். அதை விலக்கியதும் அடுப்புச் சாம்பலைக் கொட்டிப் பரப்பியதுபோல் வெளிறிய மணல் அடுக்கு ஒன்று தெரியும். அதன் அடியில் காப்பிக்கொட்டை நிறத்தில் ஒரு பட்டை, பிறகு துருவின் செம்மஞ்சள், கடைசியாக அந்த இடத்தின் பழைய மணல். அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று தெளிவாகப் பிரிந்திருக்கும். இந்த மண்ணைப் பாட்சால் என்கிறார்கள். ரஷ்ய மொழியில் 'பாட்' என்றால் கீழே, 'சலா' என்றால் சாம்பல். உழவர் வழக்கிலிருந்த அந்தச் சொல்லை மண்ணியலின் முன்னோடியான வசிலி டொகுச்சாயெவ் (1846–1903) அறிவியலுக்குள் கொண்டுவந்தார். ஆனால் அது எதுவும் எரிந்து வந்த சாம்பல் அல்ல. அந்தச் சாம்பல் நிறம் முழுக்க முழுக்க நீரின் வேலை.

அது எப்படி நடக்கிறது என்பதற்கு நம் வீட்டிலேயே ஒரு செயல்முறை இருக்கிறது. வெள்ளை வேட்டியில் துருக்கறை பட்டுவிட்டால் எலுமிச்சம்பழத்தை நறுக்கி, உப்புத் தொட்டுத் தேய்த்து வெயிலில் போடுவோம். தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் போகாத கறை, சிறிது நேரத்தில் மஞ்சளாகி, பின்பு அலசும்போது நீரோடு போய்விடும். துருவிலுள்ள இரும்பு வெறும் நீரில் கரையாது. எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமோ அந்த இரும்பை நண்டு தன் கொடுக்கால் கவ்வுவதுபோல் இரு புறமும் பற்றிக்கொள்கிறது. அப்படிப் பற்றப்பட்ட இரும்பு நீரில் கரைந்து நகரத் தொடங்குகிறது. வேதியியலில் இதற்குக் கொடுக்கிணைப்பு என்று பெயர்.

ஊசியிலைக் காட்டின் தரையில் இதே வேலை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடக்கிறது. பைன் இலையில் மெழுகும் பிசினும் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. குளிரும் சேர்ந்துகொள்வதால் அது முழுமையாக மக்குவதில்லை. பாக்டீரியாவைவிடப் பூஞ்சைகளே அங்கு ஆதிக்கம் செலுத்துகின்றன. அவை ஆக்சாலிக் முதலிய அமிலங்களைச் சுரக்க, மட்காத சருகிலிருந்தும் பழுப்பு நிற அமிலங்கள் ஊறி இறங்க, மேல்மண் ஏறத்தாழத் தயிர் அளவுக்குப் புளித்துப்போகிறது. பின்லாந்தில் பெய்வது சேலம் நகரில் பெய்வதைவிடக் குறைந்த மழையே. ஆயினும் குளிரில் ஆவியாதல் குறைவு என்பதாலும், பனி உருகும் பருவத்தில் நீர் மொத்தமாக இறங்குவதாலும், மண்ணை மேலிருந்து கீழாகக் கழுவ அது போதுமானதாக இருக்கிறது.

அந்த அமிலங்கள் மணற்பரல்களின் மேல் பூசியிருக்கும் இரும்பையும் அலுமினியத்தையும் கவ்விக்கொண்டு கீழே போகின்றன. பூச்சு நீங்கிய, எளிதில் கரையாத குவார்ட்ஸ் என்னும் வெளிர்கனிமப் பரல்கள் மட்டும் எஞ்சுவதால்தான் சாம்பல் அடுக்கு உண்டாகிறது. வழியில் மேலும் மேலும் உலோகத்தைப் பற்றிய அமிலம் ஒரு கட்டத்தில் நிறைந்து கரைதிறனை இழக்கிறது. நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தையே உண்டுவிடுவதும் உண்டு. அப்போது சுமந்துவந்த இரும்பும் அலுமினியமும் மக்குப்பொருளும் அங்கேயே படிந்து, கரும்பட்டையும் துருப்பட்டையும் உருவாகின்றன. இத்தனை அடுக்குகளும் கலையாமல் நிலைப்பதற்கு மண்புழுவும் ஒரு காரணம், அதாவது அது இல்லாமை. அவ்வளவு புளித்த மண்ணில் மண்புழு வாழ்வது அரிது. கீழ்மண்ணை மேலே கொண்டுவந்து கலக்கிவிட ஆள் இல்லாத நிலத்தில், நீர் வரைந்த கோடுகள் அப்படியே இருந்துவிடுகின்றன.

சில இடங்களில் அந்தத் துருப்பட்டை சிமெண்டுபோல் இறுகி, வேர் நுழையாத, நீர் இறங்காத தட்டாகிவிடுகிறது. வட ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்து ஆகிய நாடுகளில் பழங்கால மக்கள் காட்டை அழித்த மணல் நிலங்களில் ஹெதர் என்னும் குறுஞ்செடி படர்ந்து, அதன் புளித்த சருகு இந்த மாற்றத்தை மேலும் முடுக்கியது. அந்த நிலத்தில் பயிர் செய்வதற்காக உழவர்கள் ஹெதர் படர்ந்த தரையைப் பத்தை பத்தையாகச் செதுக்கி, தொழுவத்தில் பரப்பி, சாணத்தோடு வயலுக்குச் சுமந்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சுமந்ததில் வயல்களின் மட்டமே உயர்ந்தது. அந்த உழைப்பை எண்ணும்போது எனக்கு மிகுந்த மரியாதை தோன்றுகிறது.

ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் மழை செய்திருப்பது இதற்கு நேர்மாறான வேலை. இங்கும் மண் அமிலத்தன்மை கொண்டதுதான். அதனால்தான் காப்பித் தோட்டங்களில் சுண்ணாம்பு இடுகிறார்கள். ஆனால் இந்த வெப்பத்தில் உதிர்ந்த இலை விரைவில் மக்கி, அதன் கரியின் பெரும்பகுதி கரியமில வாயுவாகக் காற்றில் கலந்துவிடுகிறது. உலோகத்தைக் கவ்வும் அமிலங்கள் நெடுந்தொலைவு இறங்கும் அளவுக்கு மிஞ்சுவதில்லை. அவை இல்லாத நீரில் இரும்பும் அலுமினியமும் அசைவதில்லை. பாறையின் ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்திலுள்ள சிலிக்காதான் சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறுகிறது. முதலில் களிமண், பின்னர் சிலிக்கா முழுவதும் போய் அலுமினிய ஹைட்ராக்சைடு. மலையின் தட்டையான உச்சிகளில் கிடக்கும் பாக்சைட் என்னும் அலுமினியத் தாது அப்படி வந்தது. இங்கிருந்து வெட்டிய பாக்சைட் மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. வடக்குக் காட்டில் அலுமினியம் இறங்கிப் போகிறது, குவார்ட்ஸ் தங்குகிறது; நம் மலையில் சிலிக்கா போகிறது, அலுமினியம் தங்குகிறது. பனிப்பாறைகள் விலகிய பின் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்குள் பாட்சால் உருவாகிவிட்டது. பாக்சைட்டுக்கோ லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும்.

வெப்ப நாட்டில் பாட்சால் உருவாகவே முடியாது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. அமேசான் படுகையிலும் போர்னியோவிலும் ஏறக்குறைய தூய குவார்ட்ஸ் மணல் உள்ள இடங்களில் அது ஆழமாகவே உருவாகியிருக்கிறது. இரும்போ களிமண்ணோ வழிமறிக்காததால் அமிலங்கள் மணலைக் கடந்து ஆறுவரை சென்று, அமேசானின் கிளையாறான ரியோ நெக்ரோவைக் கறுந்தேநீர் நிறமாக்குகின்றன. சார்னோக்கைட் இற்று உண்டான நம் மண்ணில் இரண்டும் தாராளமாக இருப்பதால் அமிலம் சிறிது தூரம் இறங்குவதற்குள் பிடிபட்டுவிடுகிறது. அதனால் மழை வலுக்கும் நாள்களில் ஏற்காட்டு ஓடைகள் செம்மண் கலங்கி ஓடுகின்றன.