மருந்து சாப்பிட்டால் எழுத்து நின்றுவிடுமா?

"மாத்திரை போட்டா எழுத வராதுங்க டாக்டர்." மனம் ஒரு காலம் அளவுக்கு மீறிய எழுச்சியிலும் இன்னொரு காலம் கடும் சோர்விலும் மாறி மாறிப் போகிற, பைபோலார் எனப்படும் இருமுனைக் கோளாறோடு வரும் கவிஞர்கள், பாடகர்கள், சினிமாவில் உதவி இயக்குநராக இருப்பவர்கள் என்று பலர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வீட்டார் சொல்வது வேறு மாதிரி இருக்கும்: "கலைஞன்னா கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருப்பான்னு விட்டுட்டோம்." இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான், நோய்தான் கலையைத் தருகிறது என்ற நம்பிக்கை. அதனால் சிகிச்சை வருடக்கணக்கில் தள்ளிப்போகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஸ்வீடனில் பத்து லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளின் நாற்பதாண்டுப் பதிவுகளை அலசி 2013இல் ஓர் ஆய்வு வந்தது. கலை, அறிவியல் போன்ற துறைகளில் இருப்பவர்களுக்கு மனநோய்கள் மொத்தத்தில் மற்றவர்களைவிட அதிகம் இல்லை, இருமுனைக் கோளாறு மட்டும் விதிவிலக்கு. எழுத்தாளர்கள் விஷயம் தனி. அவர்களிடம் பல நோய்கள் கூடுதலாகவே இருந்தன, தற்கொலை ஆபத்தும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று: மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), இருமுனைக் கோளாறு உள்ளவர்களின் நெருங்கிய உறவினர்கள், அந்த நோய் இல்லாதவர்கள், இவர்களும் படைப்புத் துறைகளில் அதிகமாக இருந்தார்கள். குடும்பத்தில் ஓடும் ஏதோ ஓர் இயல்பு கற்பனைக்குக் கைகொடுக்கலாம், ஆனால் அது நோயாக முற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

நோய்தான் கலையைத் தரும் என்பதற்கு உடனே ஓவியர் வான்கோவைச் சொல்வார்கள். சரி, அவரையே பார்ப்போம். 1889 மே மாதம் பிரான்சின் சான் ரெமியில் இருந்த மனநலக் காப்பகத்துக்கு அவராகவே போய்ச் சேர்ந்தார், அங்கிருந்த ஓராண்டில் வரைந்தது சுமார் 150 ஓவியங்கள். இதைச் சொல்பவர்கள் அந்தக் கோடையில் நோய் கடுமையானபோது அவர் வண்ணத்தையே எடுத்துத் தின்றதையும், பல வாரம் வரைய முடியாமல் கிடந்ததையும் சொல்வதில்லை. நோயின் ஒரு தாக்குதலுக்கும் அடுத்ததற்கும் நடுவே, மனம் தெளிந்திருந்த நாட்களில் வந்தவைதான் அந்தப் படங்கள்.

இருமுனைக் கோளாறு இருந்ததாகப் பலர் கருதும் ஜெர்மன் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் 1840இல் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்தார், 1844இல் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. உளவியலாளர் ராபர்ட் வைஸ்பெர்க் 1994இல் ஷூமனின் படைப்புகளை ஆண்டுவாரியாக எடுத்து, எது எத்தனை முறை ஒலிப்பதிவாகியிருக்கிறது என்பதைத் தரத்துக்கு அளவாக வைத்துப் பார்த்தார். மனம் எழுச்சியாக இருந்த ஆண்டுகளில் எண்ணிக்கை கூடியிருந்தது, தரம் கூடவில்லை. அந்த ஷூமன் 1854இல் ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றிக் காப்பகத்தில் சேர்த்தார்கள், அங்கேயே 46 வயதில் இறந்துபோனார்.

நான் பார்ப்பதும் இதைத்தான். மனவெழுச்சி தொடங்கும்போது மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்று இருக்கும், தோன்றுவதெல்லாம் அற்புதமாகப் படும், அந்தச் சுகம் பொய்யில்லை, அதனால்தான் குணமான பிறகும் அதற்காக ஏங்குகிறார்கள். ஆனால் அது அங்கேயே நிற்பதில்லை. கடன், சண்டை, கைவிட்ட வேலை, அப்புறம் எழுந்து பல் தேய்க்கக்கூட முடியாத மாதங்கள். எழுச்சி நாட்களில் பக்கம் பக்கமாக எழுதியதைத் தெளிந்த பிறகு படித்துவிட்டு அவர்களே பெரும்பகுதியை ஒதுக்கிவிடுவார்கள். அடித்துத் திருத்தி ஒன்றை முடிப்பதற்கு நிதானம் வேண்டும், நோய் முதலில் பறிப்பது அதைத்தான்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். இருமுனைக் கோளாறுக்குத் தரப்படும் லித்தியம் என்ற மருந்தை எடுத்துக்கொண்ட 24 கலைஞர்களிடம் டென்மார்க் மருத்துவர் மோகன்ஸ் ஸ்கௌ (Mogens Schou) விசாரித்து 1979இல் எழுதினார்: 12 பேருக்குப் படைப்பு கூடியது, 6 பேருக்கு மாற்றமில்லை, 6 பேருக்குக் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் அந்தக் கடைசி ஆறு பேரை நான் மறக்க மாட்டேன். சிலருக்கு மந்தமாக இருக்கும், கை நடுங்கும். வயலின் வாசிப்பவருக்கு அது பெரிய பிரச்சினைதான். "இதெல்லாம் கேட்கலாமா" என்று தயங்காமல், உங்கள் தொழில் என்ன, எந்த நேரத்தில் வேலை செய்வீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்த்து மருந்தைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், வேறு மருந்துக்குப் போகலாம். நீங்களாகவே திடீரென்று நிறுத்துவது மட்டும் வேண்டாம். நோய் வேகமாகத் திரும்பும், தற்கொலை எண்ணமும் கூடவே வரலாம்.

வீட்டில் இருப்பவர்கள் தூக்கத்தைக் கவனியுங்கள். பல நாள் தூங்காமலும் ஒருவர் சோர்வில்லாமல் இருந்தால், பேச்சும் செலவும் ஏறிக்கொண்டே போனால், நாவல் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். "செத்துடலாம்னு இருக்கு" என்று சொன்னால் அதைக் கவிதையாக எடுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி அழைப்புச் சேவையான டெலி மானஸின் எண் 14416, எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.